கழுத்துப்பட்டை சொல்லும் பாடம்

 

“நாய் நன்றியுள்ள பிராணி” என்பது தொடக்கப் பள்ளியில் நாம் எழுதிப் பழகும் முதல் வாக்கியங்களுள் ஒன்று. நாயைப் பற்றிக் கட்டுரை வரைக என்றால், அது வீட்டைக் காக்கும், வாலை ஆட்டும், உண்ட வீட்டிற்கு இரண்டகம் நினையாது என்று ஒரு பக்கத்தை எளிதில் நிரப்பிவிடலாம். நாய் மனிதனுக்குச் செய்வன அனைத்தும் அக்கட்டுரையில் இருக்கும். மனிதன் நாய்க்குச் செய்ய வேண்டுவது யாது என்பது மட்டும் அதில் இருப்பது அரிது.

அந்த மறுபாதியை இனிய கதையாக எடுத்துரைக்கும் சித்திரப்படம் ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டின் வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் 1955-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியிட்ட ‘லேடி அண்ட் த டிராம்ப்’ என்னும் படமே அது. அப்பெயரைச் ‘சீமாட்டியும் நாடோடியும்’ என்று தமிழில் கூறலாம். இரண்டு நாய்கள் ஒன்றன்மேல் ஒன்று அன்பு கொள்ளும் கதை அது. அக்கதையைச் சுருங்கக் கண்டு, அதிலிருந்து நம் தோட்டத்திற்கும் தெருவிற்கும் பொருந்தும் பாடத்தை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கதைச் சுருக்கம்

செல்வ வீடொன்றில் கிறிஸ்துமஸ் திருநாளன்று ஒரு நாய்க்குட்டி பரிசாக வந்து சேர்கிறது. நீண்ட காதுகளும் பட்டுப் போன்ற முடியும் உடைய அக்குட்டிக்கு லேடி என்று பெயரிடுகின்றனர். ஆறு மாதம் நிறைந்ததும் அதன் கழுத்தில் நீல நிறப் பட்டையொன்றைப் பூட்டி, உரிமத் தகட்டையும் தொங்கவிடுகின்றனர். அண்டை வீட்டு நாய்களான ஜாக்கிடமும் டிரஸ்டியிடமும் அதனைக் காட்டி லேடி பெருமை கொள்கிறது.

அதே ஊரில் டிராம்ப் என்னும் மற்றொரு நாயும் வாழ்கிறது. அதற்கு வீடில்லை, கழுத்துப்பட்டையில்லை, நகரத்து உணவுக் கடைகளின் பின்வாசல்களே அதற்கு உணவளிக்கின்றன. ஆயினும் அது அறிவும் துணிவும் மிக்கது. நாய் பிடிக்கும் வண்டியில் அடைபட்ட பிற நாய்களைத் தந்திரமாக விடுவிக்கும் இயல்பும் உடையது.

லேடியின் வீட்டில் ஒரு குழந்தை பிறக்கிறது. பெற்றோர் வெளியூர் சென்ற வேளையில், வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்த அத்தை இரண்டு பூனைகளையும் உடன் கொணர்கிறாள். பூனைகள் செய்த அட்டகாசத்திற்கு லேடி பழி சுமக்கிறது. அதன் வாய்க்கு மூடி போடப்படுகிறது. அஞ்சி ஓடிய லேடியைத் தெருநாய்கள் துரத்த, டிராம்ப் வந்து காப்பாற்றுகிறது. விலங்குக் காட்சிசாலையில் வாழும் நீர்நாய் போன்ற பீவர் ஒன்று தன் கூரிய பற்களால் வாய்மூடியை அறுத்துவிடுகிறது. அன்றிரவு இத்தாலிய உணவுக் கடைக்காரர் ஒருவர் இரு நாய்களுக்கும் ஒரே தட்டில் ஸ்பகெட்டி என்னும் மாச்சேவையைப் பரிமாறுகிறார். இரண்டும் ஒரே இழையின் இரு முனைகளையும் அறியாது கவ்வி, மூக்கும் மூக்கும் தொட்டு நிற்கும் காட்சி உலகப் புகழ் பெற்றதாகும்.

மறுநாள் லேடி நாய் பிடிப்போரிடம் அகப்பட்டுப் பட்டியில் அடைக்கப்படுகிறது. அங்குள்ள நாய்கள் லேடியின் கழுத்தில் தொங்கும் தகட்டை ஏக்கத்தோடு நோக்குகின்றன. அந்தத் தகடு இருப்பதனால் லேடி வீடு திரும்புகிறது. தகடில்லாத நாயொன்று மீளாத அறைக்கு நடத்திச் செல்லப்படுவதையும் படம் காட்டுகிறது.

வீடு திரும்பிய லேடி முற்றத்தில் சங்கிலியால் கட்டப்படுகிறது. அவ்விரவில் பெரிய எலியொன்று குழந்தையின் அறைக்குள் நுழைகிறது. லேடி குரைத்தும் அத்தை பொருட்படுத்தவில்லை. அங்கு வந்த டிராம்ப் வீட்டினுள் பாய்ந்து, போராடி, எலியைக் கொல்கிறது. கவிழ்ந்த தொட்டிலைக் கண்ட அத்தையோ, தெருநாய் குழந்தையைத் தாக்க வந்ததென எண்ணி, அதனைப் பிடித்துச் செல்லும்படி செய்கிறாள். வீடு திரும்பிய பெற்றோர் செத்துக் கிடக்கும் எலியைக் கண்டபின்பே உண்மை விளங்குகிறது. முதிய நாயாகிய டிரஸ்டியும் ஜாக்கும் மோப்பம் பிடித்து ஓடி வண்டியை மறிக்கின்றன. டிராம்ப் காப்பாற்றப்படுகிறது. அடுத்த கிறிஸ்துமஸ் திருநாளில் லேடிக்கு நான்கு குட்டிகள். டிராம்பின் கழுத்திலும் ஒரு பட்டை மின்னுகிறது.

படம் உருவான வரலாறு

இக்கதைக்கு வித்திட்டவர் ஜோ கிராண்ட் என்னும் ஓவியர். அவர் வீட்டிலும் லேடி என்ற பெயருடைய நாய் இருந்தது. குழந்தை பிறந்தபின் அந்நாய் பின்னுக்குத் தள்ளப்பட்டதைக் கண்ட அவர், 1937-இல் அதனைப் படங்களாக வரைந்து டிஸ்னியிடம் காட்டினார். வார்ட் கிரீன் என்னும் எழுத்தாளர் 1945-இல் வெளியிட்ட ஒரு சிறுகதையிலிருந்து தெருநாயின் பாத்திரம் பிறந்தது. இரண்டும் இணைந்து திரைக்கு வரும்போது, கிராண்ட் வரைந்த முதல் படங்களுக்குப் பின் 18 ஆண்டுகள் கழிந்திருந்தன.

சித்திரப்படம் அசைவது எங்ஙனம்? திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் நம் கண்முன் தோன்றி மறைகின்றன. ஒவ்வொன்றும் முன்னதினின்று சிறிதளவே வேறுபடுவதால், நம் கண்ணும் மூளையும் அவற்றைத் தொடர்ந்த அசைவாகக் கொள்கின்றன. இப்படம் ஓடும் நேரம் ஏறத்தாழ 76 நிமிடங்கள். 24-ஐ 60-ஆல் பெருக்கினால் ஒரு நிமிடத்திற்கு 1,440 படங்கள். அதனை 76-ஆல் பெருக்கினால் 109,440 படங்கள். ஒரே ஓவியத்தை இருமுறை படமெடுப்பதும் உண்டு. ஆயினும் ஓவியர்களின் உழைப்பு எத்துணைப் பெரிது என்பதை இக்கணக்கே உணர்த்தும். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் பார்த்த தலைமுறையினர், திரையின் அகலம் காட்சியை எவ்வாறு மாற்றும் என்பதை அறிவர். ‘சினிமாஸ்கோப்’ என்னும் அகன்ற திரைக்கென உருவாக்கப்பட்ட முதல் முழுநீளச் சித்திரப்படம் இதுவே. எல்லாத் திரையரங்குகளிலும் அகன்ற திரை இல்லாமையால், சாதாரணத் திரைக்கு ஏற்ற மற்றொரு வடிவத்தையும் அவர்கள் தயாரிக்க வேண்டியதாயிற்று.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இப்படத்தின் பெரும்பகுதி நாயின் கண்மட்டத்திலிருந்து வரையப்பட்டுள்ளது. மனிதர்களின் கால்களும் கைகளும் பாவாடை ஓரங்களுமே மிகுதியாகத் தெரிகின்றன. முகங்கள் அரிதாகவே தோன்றுகின்றன. நாயின் உயரத்தில் நின்று உலகைப் பார்க்கும்போது, வீசப்படும் கல் எவ்வளவு பெரியது, ஓங்கப்படும் துடைப்பம் எவ்வளவு கொடியது என்பது நமக்குப் புலனாகிறது. பிற உயிரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்பதே இரக்கத்தின் தொடக்கம் ஆகும்.

படத்தில் ஒரு குறையும் உண்டு. சயாம் பூனைகள் இரண்டும் கீழை நாட்டு மக்களின் முகத்தையும் பேச்சையும் கேலி செய்யும் வகையில் வரையப்பட்டுள்ளன. அக்காலத்தில் பலர் அதனை நகைச்சுவை என்று கொண்டனர். பல இனத்தார் கூடி வாழும் நம் நாட்டில், அடுத்தவரின் தோற்றத்தையும் மொழியையும் எள்ளுவது நகைச்சுவை ஆகாது என்பதை நாம் அறிவோம். 2019-இல் உயிருள்ள நாய்களைக் கொண்டு இக்கதை மீண்டும் படமாக்கப்பட்டபோது, அப்பூனைகளின் பாட்டு மாற்றப்பட்டது. நல்ல படைப்பிலும் நல்லதைக் கொண்டு அல்லதைத் தள்ளக் கற்பதே கல்வியின் பயன்.

இரண்டு நாய்களுக்கும் என்ன வேறுபாடு?

இனிக் கட்டுரையின் மையக் கேள்விக்கு வருவோம். லேடியும் டிராம்பும் எவ்வகையில் வேறுபட்டவை?

அன்பில் வேறுபாடில்லை. துணிவில் டிராம்ப் ஒரு படி மேல். குழந்தையைக் காத்தது உயர்சாதி நாயன்று. ஊர் பேர் இல்லாத கலப்பு நாயே. எனினும் பட்டிக்குள் சென்றபோது லேடி உயிரோடு வெளிவந்தது; டிராம்ப் சாவை நோக்கிக் கொண்டு செல்லப்பட்டது. இரண்டிற்கும் இடையே இருந்தது ஒரு சிறு தோல்வாரும் ஒரு தகடுமே.

அந்தத் தகடு நாயின் தகுதியைக் காட்டும் சான்றிதழா? அன்று. நாய் எந்தத் தேர்வும் எழுதி அதனைப் பெறவில்லை. “இந்த உயிருக்கு நான் பொறுப்பு, இதன் உணவுக்கும் நோய்க்கும் குற்றத்திற்கும் நானே விடை சொல்வேன்” என்று ஒரு மனிதன் ஊரறியக் கொடுத்த வாக்குறுதியே அது. லேடிக்கு அத்தகைய வாக்குறுதி இருந்தது, டிராம்புக்கு இல்லை. ஆகவே தெருநாய் என்பது ஒரு நாய்ச் சாதியின் பெயரன்று. எந்த மனிதனும் பொறுப்பேற்காத நாயின் பெயர்.

சாதி பார்த்து நாயை மதிப்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழகத்தின் இராசபாளையம் நாய் நாட்டு நாயே. அதன் உருவத்தை இந்திய அஞ்சல் துறை 2005-இல் அஞ்சல்தலையாக வெளியிட்டுச் சிறப்பித்தது. நமது மலேசிய மண்ணிலும் தெலோமியன் என்னும் நாயினம் உண்டு. கேமரன் மலைப் பகுதியில் ஓடும் தெலோம் ஆற்றின் பெயரால் அது வழங்குகிறது. பூர்வகுடி மக்களோடு வாழ்ந்த அந்நாய்களை 1963-இல் ஓர்வில் எலியட் என்னும் மானிடவியல் அறிஞர் வெளியுலகிற்கு அறிமுகம் செய்தார். கால்கள் மேல் உயர்த்திக் கட்டிய வீடுகளுக்குள் செல்வதற்கு அவை ஏணியில் ஏறப் பழகியிருந்தன. அறிவு வெளிநாட்டு நாய்க்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இவை சான்றுகள்.

கல்லில் பொறித்த பெயர்

நாயின் அருமையை நம் முன்னோர் அறிந்திருந்தனரா? அறிந்திருந்தனர். நட்பைப் பற்றிக் கூறுமிடத்தில் நாலடியார், பழகிய பாகனையும் ஒருநாள் கொல்லக்கூடிய யானையினும், தலைவன் புண்படுத்திய வேளையிலும் அன்பு மாறாத நாயையே நண்பர்க்கு உவமையாகக் காட்டுகிறது.

இதனினும் வியப்பூட்டும் சான்று ஒன்று கல்லிலேயே உள்ளது. தமிழகத்தின் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு நடுகல் கண்டெடுக்கப்பட்டது. போரில் வீழ்ந்த வீரனுக்கு ஊரார் நட்டு வணங்கும் கல்லே நடுகல் என்பதை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடப்பட்டது. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் போராடி மாண்டான் என்று அதில் எழுதப்பட்டுள்ளது. அத்தோடு கல்வெட்டு முடியவில்லை. அவனுடைய நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும் பொறிக்கப்பட்டுள்ளது. வீரனின் உருவத்தோடு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன்.

மாணவர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். அந்நாளில் பெயர் பொறிக்கப்படாது மறைந்த மனிதர் எத்தனை ஆயிரம்! ஆயினும் எருமை மேய்த்த ஒருவனின் நாய்க்கு ஊரார் கல்லில் பெயர் எழுதினர். அமெரிக்கப் படத்தில் டிராம்புக்குக் கிடைத்தது தோல்பட்டை. நம் முன்னோர் கோவிவனுக்குக் கொடுத்தது அழியாத கல். இரண்டின் பொருளும் ஒன்றே: “இந்த உயிர் எங்களுடையது.”

தோட்டத்து நாய்

பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்கு நாய் விளையாட்டுப் பொருளன்று, உற்ற துணை. விடியுமுன் இருளில் பால்மரம் சீவச் செல்வோருக்கு முன்னே நடந்து பாம்பையும் காட்டுப்பன்றியையும் உணர்த்தியது நாய். பெற்றோர் வேலைக்காட்டில் இருக்கும்போது லயத்து வாசலில் காவல் இருந்ததும் நாயே. அதற்குக் கழுத்துப்பட்டை இருந்ததில்லை. ஆனால் லயம் முழுவதும் அது யார் வீட்டு நாய் என்பதை அறிந்திருந்தது. ஊரின் நினைவே அதற்கு உரிமத் தகடாக இருந்தது.

காலம் மாறிற்று. 1957-இல் நாடு விடுதலை பெற்றதையொட்டிய ஆண்டுகளில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதனால் வேலையும் வீடும் இழக்கும் நிலையிலிருந்த தொழிலாளரைக் காப்பதற்காக, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னாளில் மேலும் பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறின. குடும்பங்கள் பட்டணத்து வரிசை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தன. தட்டுமுட்டுப் பொருள்களும் சாமிப் படங்களும் லாரியில் ஏறின. அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் நாய் வளர்க்க இடமுமில்லை, அனுமதியுமில்லை. ஆகவே நாய்களுள் பல லயத்திலேயே நின்றுவிட்டன.

இதில் எவரையும் குறை கூறுவதற்கில்லை. தன் பிள்ளைகளுக்கே இடம் தேடி அலைந்த தொழிலாளி நாய்க்கு எங்ஙனம் இடம் தேடுவான்? ஆயினும் லயத்தை அறிந்த ஊர் கலைந்தபோது, அந்த நாயை அறிந்த நினைவும் கலைந்தது. நேற்றுவரை யார் வீட்டு நாய் என்று எல்லாரும் அறிந்திருந்த உயிர், மறுநாள் ‘தெருநாய்’ ஆயிற்று. நாய் மாறவில்லை; அதனைச் சுற்றியிருந்த மனிதரே மாறினர். ஆகவேதான் ஊர் பெரிதாகும்போது கழுத்துப்பட்டை தேவைப்படுகிறது. ஒருவரை ஒருவர் அறியாத பட்டணத்தில், நினைவு செய்த வேலையைத் தகடு செய்ய வேண்டியுள்ளது.

பொறுப்பேற்பவர் செய்ய வேண்டியவை

குனோங் ராபாட்டின் சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்திலும் கடைத்தெருவிலும் குடியிருப்புகளிலும் நாய் வளர்ப்போர் பலர் உளர். வளர்க்க விரும்புவோர் பின்வருவனவற்றை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

முதலாவது, உரிமம். நாய்க்கான உரிமத்தை உள்ளூராட்சி மன்றம் வழங்குகிறது; அதனை ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். நாய் வழிதவறினாலும் பிடிபட்டாலும், லேடியைப் போல் வீடு திரும்ப உதவுவது அதுவே.

இரண்டாவது, தடுப்பூசி. வெறிநாய்க்கடி நோய் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 மக்களின் உயிரைக் குடிப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. நம் நாட்டில் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அந்நோய் தலைகாட்டியது. 2017-இல் சரவாக் மாநிலத்தில் பரவிப் பல உயிர்களைக் கவர்ந்தது. நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதே நோயைத் தடுக்கும் தலையாய வழி.

மூன்றாவது, கருத்தடை. நாய் ஏறத்தாழ 63 நாள் சினை சுமந்து ஒரே ஈற்றில் பல குட்டிகளை ஈனும். படத்தில் பிறந்த நான்கு குட்டிகளுக்கும் வீடு கிடைத்தது. தெருவில் பிறக்கும் குட்டிகளுக்கு அந்த வாய்ப்பில்லை. குட்டிகளைப் பெட்டியில் வைத்துச் சந்தையோரத்தில் விட்டு வருவதைக் காட்டிலும், கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்று அறுவை மருத்துவம் செய்விப்பதே இரக்கமுடைய செயல்.

நான்காவது, உணவு. மாச்சேவைக் காட்சி கண்ணுக்கு இனிதே. ஆயினும் நாய்க்கு ஏற்ற உணவு அதுவன்று. வெங்காயமும் பூண்டும் நாயின் குருதி அணுக்களைக் கெடுக்கும். ஆதலால் மீந்த கறிக்குழம்பை ஊற்றுவது நன்றன்று. சாக்லேட்டு அதற்கு நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும். வெறுஞ்சோற்றோடு வேகவைத்த இறைச்சியோ மீனோ முள்ளும் எலும்பும் நீக்கிக் கொடுக்கலாம். தூய நீர் எந்நேரமும் இருத்தல் வேண்டும்.

ஐந்தாவது, அண்டை அயலார். நம் அண்டையில் நாயைத் தொடலாகாது எனக் கொள்ளும் முஸ்லிம் அன்பர்கள் உளர். நாயைக் கண்டு அஞ்சும் குழந்தைகளும் முதியோரும் உளர். நம் நாய் அவர்கள் வாசலுக்குச் செல்லாமல் காப்பதும், அதன் கழிவை அகற்றுவதும், இரவெல்லாம் குரைக்காமல் பார்த்துக்கொள்வதும் நம் கடமை. வேலி நம் நாயைக் காப்பதோடு நல்லுறவையும் காக்கும்.

ஆறாவது, சட்டம். நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி, விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கல்லெறிவதும் வெந்நீர் ஊற்றுவதும் விளையாட்டல்ல என்பதைச் சிறுவர் உணர வேண்டும்.

நாய் கடித்தால்

நாயை நேசிக்கும் அதே வேளையில் எச்சரிக்கையும் வேண்டும். உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டி போட்ட நாயையும் நெருங்காதீர்கள். அறியாத நாய் எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள். ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு. கைகளைத் தொங்கவிட்டு, கண்ணோடு கண் நோக்காது, அசையாமல் நின்றால் பெரும்பாலும் அது மோந்துவிட்டுச் சென்றுவிடும்.

கடித்துவிட்டால், ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுக் காயத்தை 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளோ காப்பித்தூளோ சுண்ணாம்போ அப்புதல் ஆகாது. பிள்ளைகள் அடிக்கு அஞ்சி மறைக்காமல் உடனே பெற்றோரிடம் கூற வேண்டும். பெற்றோர் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வெறிநோயின் அறிகுறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக மிக அரிது. அதற்குமுன் ஊசி போட்டுக்கொண்டால் காப்பாற்றிவிடலாம். பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6-ஆம் நாள் ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக அம்மருத்துவத்தைச் செய்து அவன் உயிரைக் காத்தார். உங்கள் வயதையொத்த அச்சிறுவனின் தாய் அவனைத் தாமதமின்றி அழைத்து வந்ததும் அவன் பிழைத்ததற்கு ஒரு காரணம் அன்றோ!

முடிவுரை

2019-இல் வெளிவந்த புதிய படத்தில் டிராம்பாக நடித்தது மோண்டி என்னும் நாய். அது விலைகொடுத்து வாங்கப்பட்ட உயர்சாதி நாயன்று. வீடற்ற விலங்குகளின் காப்பகத்திலிருந்து எடுத்து வந்து பழக்கப்பட்ட கலப்பு நாய். 1955-இல் ஓவியர்கள் கற்பனையாக வரைந்த கதை, அந்நாயின் வாழ்வில் மெய்யாயிற்று. ஒருவர் முன்வந்து “இது என் பொறுப்பு” என்று சொன்னதும் தெருநாய் இல்லத்து நாய் ஆயிற்று.

எல்லா நாய்களையும் நாம் வீட்டிற்கு அழைத்து வர இயலாது. வளர்க்க வசதியில்லாதவர் வளர்க்காமலிருப்பதும் பொறுப்புடைய செயலே. ஆனால் ஒரு குட்டியைக் கையில் எடுக்கும் முன், அது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழக்கூடிய உயிர் என்பதை எண்ணுங்கள். எடுத்தபின், அதற்கு ஒரு பெயரிடுங்கள். கழுத்தில் ஒரு பட்டை பூட்டுங்கள். வீடு மாறும் நாளில், லாரியில் அதற்கும் ஓரிடம் ஒதுக்குங்கள். இயலாவிடில் அதனை ஏற்பார் ஒருவரைத் தேடிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். ஏழாம் நூற்றாண்டில் எடுத்தனூர் மக்கள் செய்த சிறப்பில் ஒரு சிறு பங்கையேனும் நாமும் செய்வோமாக!

சிந்தித்து விடை காண்க

1. லேடி பட்டியிலிருந்து வீடு திரும்பியதற்கும் டிராம்ப் சாவை நோக்கிக் கொண்டு செல்லப்பட்டதற்கும் காரணம் யாது?

2. ஒரு விநாடிக்கு 24 படங்கள் வீதம், 5 நிமிடச் சித்திரப்படத்திற்கு எத்தனை படங்கள் தேவை?

3. எடுத்தனூர் நடுகல்லில் பெயர் பொறிக்கப்பட்ட நாய் எது? அது செய்த செயல் யாது?

4. நாய் கடித்தவுடன் செய்ய வேண்டியவற்றையும் செய்யலாகாதவற்றையும் வரிசைப்படுத்துக.

5. உங்கள் தாத்தா பாட்டியிடம் தோட்டத்தில் அவர்கள் வளர்த்த நாயின் பெயரைக் கேட்டறிந்து, அந்நாயைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதுக.